ஏழாம் படியின் ஆட்சேபணை

எங்கள் அத்தானுக்கு இரண்டு கெட்ட பெயர் உண்டு. வார நாளெல்லாம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர் என்பதால், எந்த வாசலிலும் அவரைக் கண்டால் ஆகாது. சனிக்கிழமை பிற்பகலானால் வேத சாஸ்திரங்களுக்கு எதிராக வாய் கிழியப் பேசுகிறவர் என்பது இரண்டாவது. முதலாவதற்காவது சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு ஒரு கோப்பைத் தேநீர், அதுவும் பாதி ஆறியது.

நான் அவர் மனைவியின் தம்பி. தெருமுனையில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நேர் மேலேதான் அத்தான் பேசப் போகிற சபை கூடும் அறை. நடுவில் இருப்பது வெறும் மரப்பலகைத் தளம். மேலே ஒருவர் இருமினால் கீழே என் இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியும். சனிக்கிழமை மூன்று மணிக்கு, அலசிய துணியின் ஈரமும் கஞ்சி வாசனையும் நீராவியுமாகக் கடை மங்கிக் கிடக்கும்போது, மேலேயிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். பிரளயம், ஆதி, சொல், சாட்சி... பாதி புரியும், பாதி புரியாது. யாரோ ஒருவரின் காலரைத் தேய்த்துக்கொண்டு நான் அரைத் தூக்கத்தில் நிற்பேன். உலகம் எப்போது உண்டாயிற்று என்று மேலே முடிவாவதற்குள் கீழே பத்து சட்டை முடிந்திருக்கும். இருபத்தெட்டு வருஷம் அப்படி நின்றதில் ஒரே ஒரு சட்டையைத்தான் தீய்த்திருந்தேன் என்றால் பாருங்களேன்.

சபையின் முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அத்தானை நாத்திகர் என்று நீங்களும் முடிவு கட்டிவிடுவீர்கள். இந்தக் காலத்துப் படிப்பாளிகள் பழைய நூல்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளுகிறார்கள் அல்லவா? இது ஒரே ஆள் செய்ததில்லை, பல கை பட்டது. இந்தப் பகுதி பின்னால் யாரோ சொருகியது. இங்கே சொன்னதும் அங்கே சொன்னதும் ஒன்றோடொன்று முட்டுகிறது. இந்த விதி அநியாயம் என்றெல்லாம். அவற்றுக்குப் பதில் சொல்வதற்கென்றே கூடுகிற சபை அது. ஆனால் எடுத்த எடுப்பில் பதில் சொல்லிவிட முடியாது. எதிராளியின் கட்சியை முதலில் வைப்பது பழைய உரைகாரர்களின் வழக்கம். பூர்வபட்சம் என்பார்கள். ஏனோதானோவென்று வைக்கவும் கூடாது. அந்த எதிராளியே வந்து உட்கார்ந்து கேட்டால், 'அடடே, நான்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லையே' என்று அசந்துபோக வேண்டும். பிறகு பதில் சொல்கிறவர் அந்த ஆட்சேபணையைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆட்சேபித்தவர் 'ஆமாம், இதுதான்' என்றால்தான் பதிலே தொடங்கலாம். 'இல்லை' என்றால் மறுபடி. பொழுது சாய்வதற்குள் 'ஆமாம்' வராவிட்டால் அடுத்த சனிக்கிழமை.

அறையில் இரண்டு நாற்காலிகள். ஜன்னலோரத்து நாற்காலி பதிலுக்கு. அதில் உட்கார்ந்தவர் பழைய நூல்களைப் பாடம் நடத்துகிற ஒருவர். மழை வருகிறது என்றால்கூட, மழை எது, வருவது எது என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் 'வியாக்கியானம்' என்று பெயர் வைத்துவிட்டோம். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கதவோரத்து நாற்காலி ஆட்சேபணைக்கு. அதில் எங்கள் அத்தான். 'எதிர்க்கட்சி' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம்.

அந்த நாற்காலிக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு சுவர் நிழலில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்தேயிராத பேராசிரியர்களின் தடித்தடிப் புத்தகங்களை வரி விடாமல் படிப்பார். மீட்டர் நோட்டின் பின்பக்கமெல்லாம் அவர்களுடைய வாதங்கள். சனிக்கிழமை வாயைத் திறந்தால் குரலே மாறிவிடும். கனமான, சாவகாசமான குரல். பலகை வழியாக அது இறங்கும்போது, நனைந்த கம்பளியைத் தோளில் போட்டதுபோல இருக்கும் எனக்கு. வியாக்கியானமும் லேசுப்பட்டவரல்ல. கண் பார்ப்பதை ஏடு மறுக்காது, மறுப்பதுபோல் தெரிந்தால் நாம்தான் அர்த்தத்தைத் தப்பாகப் பிடித்திருக்கிறோம் என்பார். ஒரு நூலின் கருத்தை அறிய அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும், நடுவிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடக் கூடாது என்பார். எல்லாம் நிதானமாக, நூலைப் பிரிப்பதுபோல.

அத்தான் பக்தர். விடியற்காலையில் கை கூப்பி நிற்பார், கண் கலங்கியிருக்கும். அது யாருக்குத் தெரியும்? "ஒரே ஒரு தடவை ஜன்னல் பக்கம் உக்காரணும் மாப்ளே," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "நான் எந்தப் பக்கம்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்." அதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி முகம் சிவந்துபோகும்.

எனக்கு அவரிடம் ஒரே ஒரு மனத்தாங்கல். சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊர் பேர் தெரியாத ஆட்களுக்காகவெல்லாம் தொண்டை கிழியப் பேசுகிற மனுஷன், என் அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அக்கா என் கடையில்தான் பட்டன் தைக்கிறாள். சனிக்கிழமை சபை தொடங்கியதும் பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள். பதின்மூன்று படியில் ஏழாவது படி. அங்கே படி வளைகிறது, சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்துக்காகவும் காற்றுக்காகவும் அங்கே உட்காருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். ஒரு நாள் தாங்காமல் கேட்டேன்: "ஊருக்கெல்லாம் வாதாடறீங்களே அத்தான், அக்கா பக்கமும் கொஞ்சம் பேசக் கூடாதா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அவளுக்கு என்ன மாப்ளே ஆட்சேபணை இருக்கு?" என்றார். நான் திரும்பித் தேய்க்கப் போனேன்.

போன வருஷம் அந்தக் குரலில் ஒரு கரகரப்பு வந்தது. மாத்திரை, வெந்நீர் என்று நாலு மாதம் ஓட்டினார். பிறகு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் வளர்ந்திருப்பதை எடுத்தே ஆக வேண்டும், உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுதான் போகும் என்றார். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். பத்து நாள் மிச்சமிருந்தது. "பேச்சுதானேன்னு அந்த ஆள் என்னமோ பட்டன் மாதிரி சொல்றான்," என்று அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள்.

செய்தி கேட்டு வியாக்கியானம் கடைக்கே வந்துவிட்டார். வழக்கமாக மூச்சு விடாமல் பேசுகிறவர், அன்றைக்கு இரண்டே வாக்கியம்தான் பேசினார். "இந்தச் சனிக்கிழமை நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க. நான் கதவோரம் உக்காந்து உங்களை மடக்கறேன்." அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. இருபத்தெட்டு வருஷத்து ஆசை கடைசியில் தானாகத் தேடி வந்து நிற்கிறதே என்று எனக்கே நெஞ்சு நிறைந்துபோயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் மூன்று பேருமாகக் கடையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனை அக்கா, மறுமுனை அத்தான். உதறி, நீட்டி, நாலு எட்டு வைத்து எதிரெதிரே வந்து முனைகளைச் சேர்ப்பார்கள், மறுபடி விலகுவார்கள். வெளியே மஞ்சள் வெளிச்சம். கடைக்குள் நீராவி இன்னும் தணியவில்லை. அத்தான் தேய்ந்த குரலில் சொன்னார்: "எதாவது எங்கிட்ட கேக்கணும்னா இப்பவே கேட்டுக்க. அப்புறம் பதில் வராது."

"கேள்வி இல்ல," என்றாள் அக்கா. "ஆட்சேபணைதான் இருக்கு."

அத்தான் சிரித்தார். "சொல்லு, சொல்லு. அது நம்ம தொழில்தானே!"

"சபை ஆரம்பிச்ச வருஷம். நீங்க குடைய மறந்துட்டுப் போயிட்டீங்க. அதை எடுத்துட்டு வந்தேன். குடை ஒரு சாக்குதான். நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு, ஓரமா உக்காந்து நீங்க பேசறதக் கேக்கணும்னு வந்தேன். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகல."

விரிப்பு இருவர் நடுவிலும் தொங்கியது.

"படி ஏறிட்டிருந்தேன். நீங்க உள்ள ஒரு வரி படிச்சீங்க. எதோ பழைய சட்ட ஏட்டில இருக்காம். இந்த நூலையெல்லாம் பொம்பளைங்க காதால கேக்கவே கூடாதுன்னு. நீங்க கையில வெச்சிருந்த புத்தகத்த எழுதின பேராசிரியர் அதக் கண்டிச்சுத்தான் எழுதியிருந்தாரு, அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க படிச்ச படி இருக்கே! அத்தனை அழுத்தமா, ஒரு எழுத்து விடாம, அந்தக் குரல்ல. கால் நின்னுடுச்சு. எண்ணிப் பாத்தேன், ஏழாவது படி."

"நான்... அது எதிராளியோட வாதம்மா. பலமா வெக்கணும்ங்கறது முறை."

"முறைதான். யாரு இல்லேன்னா? என்னை யாரும் வராதேன்னு சொல்லல. வான்னும் சொல்லல. நான் எட்டாவது படியில கால் வெக்கல, அவ்வளவுதான்."

முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். அத்தான் அப்படியே நின்றார். மீட்டர் நோட்டு நோட்டாக உலகத்து ஆட்சேபணையெல்லாம் எழுதி வைத்திருந்தவர், தம் மனைவியுடையதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று மணிக்கு இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நானும் மேலே போனேன். பதினைந்து பேர் இருப்பார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்து, தூசி அதில் மிதந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. கீழே வளைவில் அக்காவின் தலை மட்டும் தெரிந்தது, பட்டன் டப்பாவின் மேல் குனிந்தபடி. வியாக்கியானம் ஜன்னலோரத்து நாற்காலியைத் துண்டால் தட்டித் துடைத்து, "வாங்க," என்றார்.

அத்தான் அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவோரத்தில் போய் உட்கார்ந்தார்.

"இங்கதான் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார். குரல் காற்றாக வந்தது. எல்லாரும் முன்னால் குனிந்தார்கள். "கேக்கக் கூடாதுங்கற அந்த வரி. அதப் பத்தி இருபத்தெட்டு வருஷம் முன்னாடி நான் ஆட்சேபணை சொன்னேன். நீங்க பதில் சொன்னீங்க. பிற்கால ஏடு வேத மூலத்தோட முட்டினா மூலம்தான் ஜெயிக்கும், மூலத்திலயே பெண்கள் ரிஷியா நின்னு பேசறாங்கன்னீங்க. அது ஒரு சடங்கோட விதி, அறிவோட விதி இல்லேன்னீங்க. அந்தக் காலத்துக்குன்னு போட்ட சட்டம், காலத்தோட போச்சுன்னீங்க. நல்ல பதில்தான். நானே ஆமாம்னு தலையாட்டினேன். ஆனா ஆட்சேபணை பாதிதான் சொல்லியிருக்கேன். அன்னைக்கு அந்த வரிய நான் படிக்கறப்போ ஒருத்தி படியேறி வந்துட்டிருந்தா. இன்னும் வந்து சேரல."

வியாக்கியானம் முறைப்படி எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அதாவது, அந்த வரி இன்னைக்கும் ஏட்டில இருக்கறது சரியில்ல. அதுதானே?"

அத்தான் இல்லை என்று தலையசைத்தார்.

"விதி போனாலும் அதோட பழக்கம் போகல. அதுதானே?"

இல்லை.

"நாம எல்லாரும் பெண்களை இந்தச் சபைக்கு..." பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கே அது பிடிக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்த மனுஷன் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் கதவைத் தாண்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏழாவது படியில் அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். உட்கார்ந்து மேலே பார்த்தார். சொர்க்கமா நரகமா என்று தெரியாத இடத்தில் யாரோ கொண்டுபோய் விட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"இங்கேர்ந்து பாதிதான் கேக்குது," என்று அங்கிருந்தே சொன்னார். "பாதிக் கேள்வியும் பாதிப் பதிலுமா உங்களுக்கு இத்தனை வருஷமும் போயிருக்கு. அதுதானே?"

எல்லாரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் சொல்ல வேண்டியவர் அவர்தானே. அத்தான் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடி முயன்றார்.

"என்னைக் கேக்காதீங்க," என்றார். "அவளைக் கேளுங்க."

சபையில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்த பட்டனை இழுத்துப் பார்த்தாள். "இல்ல," என்றாள். "எனக்கு முழுசாவே கேட்டுது. அதனாலதான் நின்னேன்."

அதற்குள் வெயில் ஜன்னலைவிட்டுப் போய்விட்டது. முறைப்படி அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த சனிக்கிழமை சபை கூடவில்லை, எல்லாரும் ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அதற்கடுத்த வாரம் நான் கீழே தேய்த்துக்கொண்டிருந்தபோது படியில் அக்காவின் காலடி கேட்டது. எனக்கு அந்தக் காலடி தெரியும். ஏழோடு நிற்கும். நான் பழக்கத்தில் எண்ணினேன். ஏழு வந்தது. நின்றது. என் கையும் நின்றது. பிறகு எட்டு. ஒன்பது. பலகைத் தளத்தின்மேல் குறுக்கே நடந்து, கதவோரத்து நாற்காலி கிறீச்சிட்டது. பட்டன் டப்பாவைத் தரையில் வைக்கிற சத்தம். அவள் பின்னாலேயே இன்னொரு காலடி ஏறி, வளைவிலேயே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். கழுத்தில் கட்டோடு அத்தான் ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தார். மீட்டர் நோட்டில் எழுதி என்னிடம் நீட்டினார். 'இங்கே காற்றே வராது மாப்ளே. இருபத்தெட்டு வருஷம் எப்படி உட்கார்ந்தாள்?'

அன்றைக்கும் வியாக்கியானம் திருப்பிச் சொன்னார். அக்கா "இல்ல" என்றாள். மறு வாரமும் சொன்னார். "இல்ல." அதற்கு மறு வாரம் மூன்று விதமாகச் சொன்னார், மூன்றுக்கும் "இல்ல". கீழே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விட்டுக்கொடுக்கிற ரகமா அவள்? பாவம், அந்த மனுஷனுக்கும் வாரத்துக்கு வாரம் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. வியாக்கியானம் என்ற பெயரை மாற்றவேண்டி வருமோ என்று நினைத்தேன்.

நாலாவது சனிக்கிழமை மழை மூட்டமாக இருந்தது. கடையில் ஈரத்துணி காயாமல் வெள்ளை வெள்ளையாகத் தொங்க, உலகமே நனைந்து தூங்குவதுபோலக் கிடந்தது. யாரோ ஒருவரின் நீலச் சட்டையைப் பலகையில் விரித்தேன். மேலேயிருந்து வியாக்கியானத்தின் குரல், கேட்டும் கேட்காமலும்:

"ஒரு வரியப் படிச்சுட்டு, அதுக்கு என்ன பதில்னு இருபத்தெட்டு வருஷம் யோசிச்சோம். அதக் கேட்டுட்டு ஒருத்தர் நின்னுட்டாங்களேன்னு ஒருத்தரும் எழுந்து வந்து பாக்கல."

படியில் அத்தான் விரலால் மரத்தைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

"ஆமாம்," என்றாள் அக்கா. "இதுதான்."

இனி பதில் தொடங்கலாம். முறை அதுதான். ஜன்னலோரத்தில் பதில் ஒன்றா இரண்டா, கட்டுக்கட்டாக இருக்கிறது. ஒன்றும் வரவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, அவ்வளவுதான். மழை தொடங்கித் தகரத்தில் விழுந்தது. அவர் அழுகிறாரோ என்று சந்தேகமாக இருந்தது எனக்கு.

அக்காவின் குரல்தான் பிறகு இறங்கி வந்தது. அதில் கோபம் இல்லை, கல்யாணமான புதிதில் எப்படிப் பேசுவாளோ அப்படி இருந்தது.

"பரவால்ல, மெதுவாச் சொல்லுங்க. நான் இங்கதானே இருக்கேன். கேக்கறேன்."

கீழே என் கைக்கடியில் நீலச் சட்டை தீய்ந்துகொண்டிருந்தது.